ஆறாம் வீட்டுப் பின்சுவர்

புரட்டாசி பிறந்துவிட்டால் தங்கம்மாளுக்குச் சோறு இறங்காது.

அருப்புக்கோட்டையில் மற்றவர்களெல்லாம் அந்த மாதத்தில் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது அறுபத்தொன்பதாம் வருஷம். முந்தின இரண்டு வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகள் விதைக்கு வைத்திருந்த கம்பையும் இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, டவுனுக்கு வந்து கூலி வேலை தேடி நின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில், 'சாமி, மழையைக் கொஞ்சம் தள்ளிப் போடு' என்று மனசுக்குள் வேண்டிக்கொள்கிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தங்கம்மாளுக்குத் தெரியும். வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். வேண்டிய மறு நிமிஷமே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அவளுக்குப் பயம் சுவரைக் கண்டுதான். பிறந்தது நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஏழு வயசில் ஒரு கார்த்திகை அடைமழையில் வீட்டு மண்சுவர் சாய்ந்து, ஒரே பாயில் படுத்திருந்த தங்கச்சி பெத்தம்மாள் போய்ச் சேர்ந்தாள். தங்கம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால் தப்பினாள். சுவர் விழுவதற்கு முன்னால் அதற்குள்ளிருந்து மணல் உதிர்கிற மாதிரி சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவள் அதற்குப் பிறகு எல்லாச் சுவரிலும் காது வைத்துத் தேடினாள். வாக்கப்பட்டு வந்த வீடு கல் அஸ்திவாரம் போட்ட மாடி வீடு. அதிலும் முதல் மழைக்காலம் முழுக்க அவள் படுக்கையை நட்டநடுக் கூடத்தில்தான் போட்டாள்.

அவள் புருஷன் ஐயாத்துரைக்கு பஜாரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. தெருவைப் பார்த்து இவர்கள் இருக்கும் வீடு. அதற்குப் பின்னால் நீளமாக ஒரு வளவு. வளவுக்குள் வரிசையாக ஆறு வாடகை வீடுகள், ஒன்றுக்கொன்று சுவர் ஒட்டி. மண் வைத்துக் கட்டிய செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, பனங்கைமரத்தின் மேல் நாட்டு ஓடு. ஐயாத்துரையின் அப்பா கட்டியது. கீழே கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் ஊறி உப்பிக்கொண்டு கட்டடத்தையே தூக்கும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வளவைத் தயார் பண்ணுகிற வேலை உண்டு. கடை ஐயாத்துரைக்கு, வளவு தங்கம்மாளுக்கு என்று எப்போதோ பாகம் பிரிந்துபோயிருந்தது.

அந்த வருஷமும் கொத்தனார் கருத்தப்பாண்டி வந்து ஏணியைச் சார்த்தினார். ஓடுகளைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, புதுசு செருகினார். ஓட்டுக்கு அடியில் தேள் குடும்பம் குடும்பமாக இருந்தது. முகட்டில் சுண்ணாம்புச் சாந்து பூசியாயிற்று. சாக்கடையை வாரி, வளவுத் தண்ணீர் தெருவுக்கு ஓட வழி வெட்டியாயிற்று. சாரல் அடிக்கிற கிழக்குப் பக்கச் சுவர்களுக்குப் பனையோலைத் தட்டி கட்ட வேண்டும். தட்டி கட்டுகிற இடத்தைக் காட்டுவதற்காக ஆறாம் வீட்டுக்குப் பின்னால் போன தங்கம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராஜகுருவின் காலி மனை. ராஜகுரு ஐயாத்துரைக்கு மாமன் மகன், பருத்தி வியாபாரி. குடோன் கட்டப் போகிறார் என்று கேள்வி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தார்கள். இடுப்பளவு ஆழத்துக்கு நீளக் குழி. ஆறாம் வீட்டுப் பின்சுவருக்கும் குழிக்கும் நடுவில் ஒரு முழம் மண்கூட இல்லை. சுவரின் அடிக்கல் குழிப் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே தெரிந்தது. கட்டுமானம் எதுவும் நடக்கவில்லை. தோண்டிப் போட்டதோடு ஆட்கள் போய்விட்டார்கள்.

அவள் திரும்பிக் கொத்தனாரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"கருத்தப்பாண்டிண்ணே, இதைப் பாருங்க."

அவர் குழிக்குள் இறங்கி, அடிக்கல்லைக் பூச்சுக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். "இரும்பு மாதிரி இருக்கு தாயி. ஒங்க மாமனாரு கட்டுனது. நம்மல்லாம் போய்ச் சேந்த பெறகும் நிக்கும்."

"மழைத் தண்ணி இதுல நின்னா?"

"மொதல்ல மழை வரட்டும் தாயி" என்று சிரித்தார். கூட நின்ற சித்தாள் பெண்களும் சிரித்தார்கள். தங்கம்மாளின் சுவர்ப் பயம் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த புருஷனிடம் சொன்னாள். ஐயாத்துரை ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர்கள் மகள் சண்முகவடிவை ராஜகுருவின் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. தை பிறந்தால் நிச்சயம் என்று வாய்வார்த்தை ஆகியிருந்தது.

"இந்த நேரத்துல போயி, குழியை மூடு, மண்ணைப் போடுன்னா அவுக என்ன நெனைப்பாக? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போன வருசம் என்ன பண்ணுன? ஒரு தூத்தலுக்கு ஆறு வீட்டு ஆளுகளையும் கூட்டிட்டு வந்து கூடத்துல உக்கார வச்ச. அன்னைக்கு ஒரு செங்கலு விழுந்துச்சா?"

அது உண்மை. அன்றைக்கு ஒன்றும் விழவில்லை. மழை அரை மணி நேரத்தில் விட்டுப்போய், எல்லாரும் முந்தானையை உதறிக்கொண்டு போனார்கள். தன் பயத்தைத் தானே நம்ப முடியாமல் போனது அதற்குப் பிறகுதான். இப்போது பயம் வரும்போதெல்லாம், இது நரிக்குடிச் சுவரா, இந்தச் சுவரா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் ராஜகுருவைப் பார்க்கப் போனாள். அவர் மரியாதைக்காரர். நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார்.

"அண்ணே, அந்த வானக் குழியை மழை முடியிற வரைக்கும் மண்ணைப் போட்டு மூடி வச்சிருந்தா நல்லாருக்கும். எங்க செவத்துக்கு அடிவாரம் தெரியுது."

"அட, இதுக்கா தாயி இம்புட்டுத் தூரம் வந்த? கல்லு லோடு சொல்லியாச்சு. ஐப்பசிக்குள்ள அஸ்திவாரம் ஏத்திருவேன். பெறகு ஒஞ் செவத்துக்கு அதுவே முட்டாப் போயிரும்." சொல்லிவிட்டு வெளியே காய்ந்துகிடந்த வெயிலைக் காட்டினார். "மழை பெய்யட்டுமே தாயி. பெஞ்சு என் குழி நெறஞ்சா, நம்ம ரெண்டு வீட்டுக்கும் சேத்து நான் பொங்க வைக்கிறேன்."

அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள். கல் லோடு வரவில்லை.

ஆறாம் வீட்டில் குடியிருந்தவள் குருவம்மாள். புருஷன் பால்சாமிக்கு மில்லில் வேலை. நாலு வயசில் ஒரு பெண், கைக்குழந்தை ஒன்று. வாயும் வேலையும் வேகம். அவள் அடுப்படிக்குள் போய்த் தங்கம்மாள் பின்சுவரைத் தடவிப் பார்த்தாள். மேலே உத்திரம் உட்காருகிற இடத்திலிருந்து ஒரு விரிசல் கோணலாக இறங்கியிருந்தது. பழைய விரிசலா புது விரிசலா தெரியவில்லை. அடுப்புப் புகை எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கியிருந்தது. சோற்றுப் பருக்கையை மசித்து, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினாள்.

"என்னக்கா, செவத்துக்குப் பிளாஸ்திரி போடுறீகளா?" என்றாள் குருவம்மாள்.

"இருக்கட்டும் குருவு. இதைக் கிழிக்காமப் பாத்துக்க."

தீபாவளி கழிந்து போய்ப் பார்த்தபோது தாள் நடுவில் கிழிந்திருந்தது. ஓடிப்போய்ப் புருஷனைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். குருவம்மாளின் மூத்த பிள்ளை, தான் பல்லி அடிக்கத் துடைப்பத்தால் வீசியதாகச் சொன்னது.

"கேட்டியா?" என்றார் ஐயாத்துரை. அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு தாளை ஒட்டலாமா என்று தங்கம்மாள் யோசித்தாள். அதற்கும் வெட்கமாக இருந்தது.

மழை ஐப்பசிக் கடைசியில் வந்தது.

விடியும்போதே வெளிச்சம் சரியில்லை. கிழக்கே ஈயம் பூசின மாதிரி வானம். கொண்டல் காற்று ஈரத்தோடு வீசியது. டீக்கடை ரேடியோவில் ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே புயல் சின்னம் என்று சொன்னதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். முதல் தூறல் விழுந்தபோது பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் ஆடின. ஐயாத்துரை குடையைக்கூட விரிக்காமல் கடைக்குப் போனார். எதிர்வீட்டுக் கிழவர் வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். தங்கம்மாளும் கும்பிட்டாள்.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீடு தெரியவில்லை. ஓட்டுத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. மகள் சண்முகவடிவு தடுக்கத் தடுக்க, தங்கம்மாள் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். பனையோலைத் தட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. வானக் குழிக்குள் தண்ணீர் கரிசல் கலந்து கறுப்பாகச் சுழன்றது. ராஜகுருவின் மனைத் தண்ணீர் முழுவதும், அதற்குப் பின்னால் இருந்த புறம்போக்குத் தண்ணீரும் அதில்தான் வந்து விழுந்தது. இந்நேரம் குழி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். சுவரோரமாகத் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. ஒரு வேப்பங்குச்சி அந்த இடத்துக்கு மிதந்து வந்து, சுற்றி, உள்ளே இழுபட்டுப் போனது.

தண்ணீர் சுவருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

கால் பின்னிக்கொள்ள, சேற்றில் ஒரு தடவை விழுந்து எழுந்து, ஆறாம் வீட்டுக்குள் ஓடினாள். குருவம்மாள் அடுப்பில் உலை வைத்திருந்தாள். கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. மூத்தது அடுப்புக்குப் பக்கத்தில் குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அதன் முதுகு பின்சுவரில் சாய்ந்திருந்தது.

"குருவு, பிள்ளைகளைத் தூக்கு. வெளிய வா. செவத்துக்கு அடியில தண்ணி போகுது."

"ஆரம்பிச்சுட்டீகளா அக்கா?" குருவம்மாள் திரும்பக்கூட இல்லை. "அவுக ஷிப்ட் முடிஞ்சு பசியோட வருவாக. சின்னதுக்கு நேத்துல இருந்து காய்ச்ச வேற. இந்த மழையில நான் எங்க தூக்கிட்டு அலைய?"

"என் வீட்டுக்கு வா. ஒரு எட்டு. ஒன் காலுல விழுறேன்."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னீக. அன்னைக்கு எங் கொழம்பு கருகுனதுதான் மிச்சம்."

தங்கம்மாள் மூத்ததன் கையைப் பிடித்து இழுத்தாள். அது அலறியது. குருவம்மாள் வந்து பிள்ளையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "விடுங்கக்கா! பிள்ளை பயந்து போகுதுல்ல!"

இனி என்ன சொன்னாலும் இவள் அசையமாட்டாள் என்று தங்கம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. ஓடிவிடத்தான் கால் துடித்தது. பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. குடத்தைத் தூக்கி எரிகிற அடுப்பில் கவிழ்த்தாள்.

புஸ்ஸென்று சாம்பலும் ஆவியும் கூரைவரை எழும்பியது. உலைப்பானை ஒரு பக்கம் சரிந்து அரிசி தரையில் ஓடியது.

உலை கொதிக்கிற அடுப்பை, அடுத்தவள் வீட்டில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சொந்த மாமியார்கூட அணைக்கமாட்டாள். எழவு வீட்டில்தான் அடுப்பு அணையும்.

"அடிப்பாவி!" என்றாள் குருவம்மாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது எதையும் தங்கம்மாள் காதில் வாங்கவில்லை. திட்டிக்கொண்டாவது பின்னால் வரட்டும் என்று விறுவிறுவென்று வெளியே நடந்தாள். அவள் நினைத்தபடியே குருவம்மாள் கைக்குழந்தையை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூத்ததைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். ஐந்து வீட்டுக் கதவும் திறந்தது. ஐந்தாம் வீட்டில் குடியிருந்த வீரபத்திரன் வாத்தியார் குடையோடு ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றார். எல்லாருமாகத் தெருப்பக்கத்து வீட்டின் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வீட்டுக்காரின்னா என்ன வேணாலும் செய்வியா? எம் பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆகட்டும், ஒன் வம்சம் வெளங்காது!" குருவம்மாள் மண்ணை வாரித் தூற்றக் குனிந்தாள். மண் எங்கே இருந்தது, எல்லாம் தண்ணீர். சேற்றை அள்ளி எறிந்தாள். அது தங்கம்மாளின் சேலையில் பட்டு வழிந்தது.

தங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு ஆறாம் வீட்டுக் கூரையையே பார்த்தபடி நின்றாள். சுவர் நின்றது. மழை கொட்டியது, சுவர் நின்றது. மதியச் சங்கு ஊதியது. அப்போதும் நின்றது. கூட்டம் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியது. "மூளையில ஏதோ கோளாறு" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. சண்முகவடிவு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. 'விழுந்து தொலையேன்' என்று தங்கம்மாள் சுவரை நினைத்தாள். உடனே அந்த நினைப்புக்கும் பயந்தாள்.

யாரோ போய்ச் சொல்லி ஐயாத்துரை கடையிலிருந்து வந்தார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. குருவம்மாள் அவரைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணாச்சி, நீங்களே கேளுங்க. உலையில தண்ணிய ஊத்திட்டாக."

ஐயாத்துரைக்கு முகம் சுண்டிப்போனது. ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனுஷன். பெண்டாட்டியைத் திட்டவில்லை. குருவம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, தப்புத்தான். அடுப்ப அணைச்ச பாவம் எங்க குடும்பத்தோட போகட்டும். நானே போயி என் கையால பத்த வைக்கிறேன். அடுப்பு எரிஞ்ச பெறகு நீ பிள்ளைகளோட வா."

"வேண்டாங்க" என்றாள் தங்கம்மாள். அவர் காதில் வாங்கவில்லை. மறுபடி கத்தினாள். "என்னங்க, வேண்டாம்! என்னைய வேணா இந்த எல்லார் முன்னாடியும் செருப்பால அடிங்க. அங்க போகாதீக!"

அவர் வீட்டுக்குள்ளிருந்து காய்ந்த விறகும் தீப்பெட்டியும் எடுத்து, வேட்டித் தலைப்பில் மூடிக்கொண்டு, வளவுக்குள் இறங்கி நடந்தார். அவள் பின்னால் ஓடி அவர் சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டார். ஆறாம் வீட்டு வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, தங்கம்" என்றார் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. குனிந்து உள்ளே போனார்.

தங்கம்மாள் வாசல் நடுவில் மழையில் நின்றாள். சின்ன வயசிலிருந்து காத்திருந்த அந்தச் சரசரப்பை இப்போதும் கூர்ந்து கேட்டாள். மழைச் சத்தம் மட்டும்தான். சுவர் எந்த அடையாளமும் காட்டாமல் போனது. கூரையின் பின்பாதி, யாரோ கீழேயிருந்து கையைப் பிடித்து இழுத்த மாதிரி, அப்படியே உட்கார்ந்தது. ஓடுகள் சடசடவென்று சரிந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. கால் வழியாக ஏறி வந்தது. வாசல் கதவு வழியே ஒரு மூச்சு மாதிரி புழுதி வெளியே வந்தது, அத்தனை மழையிலும்.

தாழ்வாரத்தில் குருவம்மாள்தான் முதலில் அலறினாள்.

வீரபத்திரன் வாத்தியார் ஓடிவந்தார். தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசலுக்கு வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். பின்சுவர் பாதிதான் விழுந்திருந்தது. மீதிப் பாதி, உத்திரத்தின் முனையைத் தாங்கிக்கொண்டு, குழிப் பக்கமாகவும் வீட்டுப் பக்கமாகவும் ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது.

"முட்டுக் குடுக்காம உள்ள போக முடியாது. மரம் கொண்டாங்க, மரம்!" என்று வாத்தியார் கத்தினார். ரெண்டு பேர் மரம் எடுக்க ஓடினார்கள்.

உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

சேலைக்குள் சூடாக வழிந்தது மழையில்லை என்று தங்கம்மாளுக்குத் தெரிந்தது. 'போகமாட்டேன், போகமாட்டேன், என்னால முடியாது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசல்படியைத் தாண்டினாள். நடக்க முடியாததால் தவழ்ந்தாள். யாரோ அவள் முந்தானையைப் பிடித்தார்கள். அது கிழிந்து அவர்கள் கையோடு போனது.

கைமரங்கள் சரிந்து ஆட்டுரலின் மேல் விழுந்து, ஒரு கூடை கவிழ்த்த அளவுக்குச் சின்ன இடம் விட்டிருந்தன. அதற்குள் ஐயாத்துரையின் தலையும் ஒரு கையும் தெரிந்தன. முகம் முழுக்கச் சேறு. மூக்கு அடைபட்டிருந்தது. அவள் விரலை விட்டு அவர் வாயிலிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தாள். அவர் இருமினார். கண்ணைத் திறந்தார்.

"தங்கம்... பக்கத்துல வராத. போயிரு."

"பேசாதீக."

"மேல நிக்குதா?"

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது என்று தெரியும். "நிக்குது" என்றாள். தலைக்கு மேல் எங்கேயோ ஒரு செங்கல் கழன்று அவள் முதுகில் விழுந்தது. வலித்ததாக அவளுக்கு நினைவில்லை. அவர் நெஞ்சின் மேல் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் நாய் பறிக்கிற மாதிரி பறித்துக்கொண்டேயிருந்தாள். நகம் பெயர்ந்தது. அதற்குள் மரங்கள் வந்துவிட்டன. வெளியே இருந்தவர்கள் மீதிச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து, கைமரத்தைத் தூக்கினார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. கதவு ஒன்றைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கினார்கள். மிளகாய் லோடு ஏற்ற வந்த லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

லாரி கிளம்பின கொஞ்ச நேரத்தில், முட்டுகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு மீதிச் சுவரும் விழுந்ததாம். அதைத் தங்கம்மாள் மதுரையில்தான் கேள்விப்பட்டாள். கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வாந்தி எடுத்தாள்.

காலை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. கார்த்திகை, மார்கழி முழுக்க ஆஸ்பத்திரி. ராஜகுரு பார்க்க வந்தார். கட்டிலோரம் நின்று, "மச்சான், தங்கச்சி அன்னைக்கே வந்து சொல்லுச்சு. கல்லு லோடு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குழியை மறுநாளே மூடிவிட்டதாகச் சொன்னார். கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவர் போன பிறகு ஐயாத்துரைதான் சொன்னார்: "வடிவுக்கு வேற எடம் பாப்போம் தங்கம். அவுக கெட்டவுக இல்ல. ஆனா நாம சொன்னது அவுக காதுல ஏறாது. நம்ம பிள்ளை சொல்லும் ஏறாது." தான் சொன்னதும் இவர் காதில் ஏறவில்லையே என்று தங்கம்மாளுக்குத் தோன்றியது. அவர் கண்ணைப் பார்த்தபோது அவருக்கும் அது தோன்றியிருந்தது தெரிந்தது.

பால்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் காலில் விழுந்தான். குருவம்மாள் வரவில்லை. அவர்கள் குமாரலிங்கபுரத்தில் அவன் அண்ணன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். பங்குனியில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். குருவம்மாளின் இடுப்பில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது.

"நல்லாருக்கீகளா அக்கா?" என்றாள் குருவம்மாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எம் பிள்ளைக உசிரு நீங்க குடுத்தது. நாளும் நெனைச்சுக்கிறேன். ஆனா அடுப்பு மூட்டும்போதெல்லாம் ஒங்க முகம் வந்து எனக்குக் கை நடுங்குதுக்கா. அதான் வரலை." சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஆறாம் வீட்டைக் கல் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். அடுத்த புரட்டாசியில் கொத்தனாருக்கு ஆள் அனுப்பியது ஐயாத்துரை. கம்பை ஊன்றிக்கொண்டு ஆறு வீட்டுச் சுவரையும் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த வருஷமும் மழை ஒரு பகலில்தான் இறங்கியது. முதல் இடி இடித்ததும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஈர வேட்டியோடு கூடத்தில் நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணும் ஆகாதுல்ல, தங்கம்?"

"தெரியலைங்க" என்றாள் அவள்.

இருவருமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பாயும் தலையணையும் ஆக்கின சட்டியுமாக வந்து கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் ஐந்தாறு பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். மழை சாயங்காலம் வரை அடித்தது. ஒவ்வொரு இடிக்கும் ஐயாத்துரையின் கை தங்கம்மாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பிறகு மழை விட்டது. ஒரு சுவரும் விழவில்லை. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் ஒருவரையொருவர் பிடித்தபடி, தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.